பதிவேட்டில் இல்லாத வீடுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு வாரத்தின் நாட்கள் பக்தியால் பெயர் பெற்றவை. செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சகாய மாதா நவநாளுக்கு, சனி ஆரோக்கிய மாதாவுக்கு. மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கிளம்புவார்கள். அக்டோபர் பிறந்தால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். இந்த ஊர்கள் அடங்கிய வேலூர் மறைமாவட்டம் 1952 நவம்பரில் உருவாகிச் சலேசியர் பொறுப்பில் விடப்பட்டது. அதன் பேராலயமே விண்ணேற்பு அன்னையின் பெயரில் இருக்கிறது. இந்தப் பங்குகளின் அடையாளம் எது என்று கேட்டால், மாதா பக்தி என்று சிறு பிள்ளையும் சொல்லும்.

இந்தப் பக்திக்கு வேலி கிடையாது. நவநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் பொட்டு வைத்தவர்கள் பலர். பிள்ளை ராத்திரியில் அழுகிறது என்று மந்திரித்துப் போக வரும் முஸ்லிம் தாய்மாரும் உண்டு. யாரிடமும் ஞானஸ்நானச் சான்று கேட்பதில்லை. மாதா கெபி முன்னால் நிற்க முகவரி தேவையில்லை. மறைக்கல்வி நூல்கள் எட்டாத இடத்துக்கு ஒரு சுரூபமும் ஒரு குவளை மந்திரித்த தண்ணீரும் எட்டிவிடுகின்றன. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் படித்த கத்தோலிக்கர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வருகிறவர்களை வரவேற்பது ஒன்று. நாம் தேடிப் போவது வேறு. தேடிப் போகும் வேலையைப் பங்கில் மூன்று அமைப்புகள் செய்கின்றன. 1833இல் பாரிஸில் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை ஒன்று. 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனை இன்னொன்று. பத்திருபது குடும்பங்களைச் சேர்த்துக் கட்டிய அன்பியம் மூன்றாவது. முதலிரண்டும் இருவர் இருவராகவே வீடு சந்திக்கும். வின்சென்ட் சபை அரிசியோ மருந்துச் செலவோ கொண்டுபோகும். சேனைக்கோ பொருளுதவி செய்யவே கூடாது என்பது கைநூல் விதி.

இந்த வெறுங்கை விதியைக் கடுமையானது என்று குறை சொல்வார்கள். தோல் பதனிடும் இந்த ஊர்களில் அது பெரிய பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட மாநிலம் இது. சட்டம் போய்விட்டது, சந்தேகம் போகவில்லை. கையில் பை இல்லாமல் வருகிறவர் மேல் அந்தச் சந்தேகம் ஒட்டுவது கடினம். அதைவிட முக்கியம், வருகிறவர் யார் என்பது. பெரும்பாலும் அதே தெருப் பெண்தான் வருகிறார். அவருக்குச் சம்பளமில்லை, வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கிறார். படுக்கையில் கிடக்கும் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் பழைய தோல் ஷாப் கதையை மூன்றாவது முறை சொன்னாலும் கேட்கிறார். எந்த நலத்திட்டத்திலும் இதற்கு இடமில்லை. அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும் என்பதால் இது ஒரு வாரத்து உற்சாகமாக முடிந்தும் போவதில்லை.

குறை எங்கே இருக்கிறது என்றால், எந்த வீட்டுக்குப் போவது என்று தீர்மானிக்கும் இடத்தில். பங்கு அலுவலகக் குடும்பப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதப்படுகிறது. அன்பியமும் அதே பட்டியலைக் கூறுபோட்டு உருவானதுதான். அந்தப் பதிவேட்டுக்கு இங்கே பலர் அஞ்சுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது.

தோல் ஷாப்களில் சுண்ணாம்புத் தொட்டியிலும் டிரம்மிலும் வேலை செய்து வளர்ந்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில், அவர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றதையும் தேவாலயத்துக்குப் போய்வருவதையும் எடுத்துக்காட்டி உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பங்கு அலுவலகத்தின் ஒரு வரி ஒரு பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கலாம் என்று அன்று எல்லோருக்கும் உறைத்தது. அதனால்தான் நவநாளுக்குத் தவறாமல் வரும் சில குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் பெயர் எழுதிக்கொள்வதில்லை. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவர் படியேறினால் அவர்களுக்கு உறவு தெரிவதில்லை, ஆபத்துதான் தெரிகிறது. இப்படி, பக்தியில் மிக நெருங்கியிருக்கும் வீட்டையே சந்திப்பு தாண்டிப் போகிறது. அவர்களைப் பயந்தவர்கள் என்றோ இரட்டை வேடக்காரர்கள் என்றோ பிரசங்கத்தில் இடித்துரைப்பது அநியாயம். அநீதி அந்த ஆணையில் இருக்கிறது.

நேரமும் ஒரு தடை. ஷூ கம்பெனி பஸ் விடியலில் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், ஓவர்டைம் இருந்தால் இருட்டிய பிறகு இறக்கிவிடும். வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்ணுக்கு ஜோடிக் கணக்கில் கூலி; அவர் கையை நிறுத்திப் பேசினால் அன்றைக் காசு குறையும். மாலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுகிறவருக்குப் பூட்டுதான் பதில் சொல்லும். “வீடு பூட்டியிருந்தது” என்பது அறிக்கையில் ஒரு வரி. ஏன் பூட்டியிருந்தது என்று கூட்டத்தில் யாரும் கேட்காததுதான் எனக்கு வருத்தம்.

பதிவேட்டுக்கு முகவரி தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடமே அவர்களுக்கு வீடு. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து அறுவை சிகிச்சைத் தேதிக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் எந்த அன்பியத்திலும் இல்லை. அதே வேலூரில் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் நூறாண்டுக்கு முன்பே வாரந்தோறும் குடியாத்தம் சாலையோரம் மருத்துவம் பார்த்தார். மரத்தடியில் நின்றவரெல்லாம் அவருக்கு நோயாளிகள்தான். அவர் புராட்டஸ்டண்ட் என்பதால் கத்தோலிக்கப் பங்கு அந்த வழியைக் கற்கக்கூடாது என்றில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தனித்தனி வீடாகப் போகும் சந்திப்பு, எல்லா வீட்டிலும் ஒரே குறையைக் கேட்டாலும் அதைத் தனித்தனி மன்றாட்டாகவே திருப்பிக் கொண்டுவருகிறது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றை நஞ்சாக்கியவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் எல்லார் குறையையும் ஒரே மனுவாக்கி வழக்காடியது காரணம். பத்து வீட்டுத் தண்ணீர்க் குறையைக் கேட்டுவந்த சேனையினரிடம் அதை ஒன்றாக எழுதிக் கொடுக்கும் வழி இல்லை. செபமாலையில் ஒரு பத்து ஒதுக்குவார்கள். அந்தச் செபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது மட்டும் போதும் என்று பங்கு நின்றுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

2013இல் வெளிவந்த ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் மக்கள் பக்தியைப் பற்றி எழுதிய பத்திகளை அடுத்தே, ஆளுக்கு ஆள் நேரில் பேசுவது பற்றிய பத்திகள் வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இங்கே இரண்டுக்கும் நடுவில் பதிவேடு புகுந்துவிட்டது.

பட்டியல் இல்லாவிட்டால் வேலை சிதறிவிடும் என்று நெடுநாள் சேனை உறுப்பினர்கள் சொல்வார்கள். நியாயமான கவலைதான். பட்டியல் இருக்கட்டும், அது தெருப் பட்டியலாக இருக்கட்டும். திருவருட்சாதனக் கணக்கு அலுவலகத்தோடு நிற்கட்டும். சந்திக்கப் போகிறவர் வீட்டில் எதையும் எழுத வேண்டாம், அறிக்கையில் பெயரும் சொல்ல வேண்டாம். ஒரு ஜோடியாவது கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்குப் போகட்டும். இந்தி பேசத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு ஜோடி லாட்ஜ் பக்கம் போகட்டும். இதற்கு மறைமாவட்டத் தீர்மானம் தேவையில்லை. பங்குத்தந்தை சம்மதித்து, அடுத்த கூட்டத்தில் பணி ஒதுக்கும்போது சேனைத் தலைவி இரண்டு பேரைப் பெயர் சொல்லி அனுப்பினால் போதும்.