ஒழுகை: ஒரு சொல்லாய்வு

சங்கச் செய்யுட்களில் உப்பு வாணிகராகிய உமணரைக் கூறும் இடங்களிற் பயிலும் சொல் ‘ஒழுகை’ என்பது. இதற்கு ‘வண்டி’ எனவும் ‘வண்டிகளின் வரிசை’ எனவும் இருபொருள் கொள்வர். இவற்றுள் எது முதற்பொருள் என்பது ஆராயத்தக்கது. புறநானூற்றுச் செய்யுளொன்றன் நயம் இதனைப் பற்றி நிற்கின்றது.

‘ஒழுகு’ என்னும் வினை இடையறாது செல்லுதலையும் நெறிப்பட நடத்தலையும் குறிக்கும். ஒழுக்கு, ஒழுங்கு, ஒழுக்கம் என்பன அதன் கிளைகள். ‘ஐ’ தொழிற்பெயர் விகுதி. எனவே, ‘ஒழுகை’ தொடர்ந்து செல்லுதலை முதற்கண் உணர்த்திப் பின் தொழிலாகுபெயராய் அங்ஙனம் செல்லும் வண்டித் தொடருக்கு ஆயிற்று என்க. தனிவண்டிக்கு இப்பகுதிப்பொருள் பொருந்துமாறில்லை.

செய்யுள் வழக்கும் இதனை வலியுறுத்தும். உமணர் வண்டியின் கீழ்மரத்திற் கட்டிய சேமவச்சினை ஔவையார் உவமையாக்கும் புறம் 102-இலும், மணலில் அழுந்தும் வண்டியொலிக்குக் குருகு அஞ்சுவதைக் கூறும் நற்றிணை 4-இலும் ‘சகடம்’ என்பதே வருகின்றது. குறள் 475 ‘சாகாடு’ என்கின்றது. பெரும்பாணாற்றுப்படையோ, வண்டியின் உறுப்புக்களைத் தனித்தனியே கூறி, மகவுடைய மகள் எருது ஓட்டுவதையும் காட்டி, நுகங்களை நிரல்படப் பூட்டிய தொடரின் பக்கத்தே வலிய மாக்கள் காவலாய்ச் செல்லும் இடத்தில்தான் ‘ஒழுகை’ என்கின்றது. வேறுபாடு வெளிப்படை.

இனி, புறம் 116. பறம்பினை இழந்த பாரிமகளிர் சிற்றில்லின் முன்றிலில், ஈத்திலைக் குப்பைமேல் ஏறி, உமணர் ஒழுகையை எண்ணுகின்றனர். முன்னர்ப் போர்க்கு வந்த வேந்தர் குதிரைகளை எண்ணியவர் இவர் என்று கபிலர் வருந்துகின்றார். எண்ணப்படுவது தனிப்பொருளாதல் வேண்டும், ஆகலின் இங்கு ‘வண்டி’ என்பதே பொருள் என வாதிடலாம். அது வலியுடைத்தன்று. ‘படையை எண்ணினான்’ என்றவழிப் படை பல என்பது கருத்தன்று. படையினுள் அடங்கிய மறவரை எண்ணினான் என்பதே கருத்து. ஒழுகையை எண்ணுதலும் அத்தகையதே. வரிசைப்பொருள் கொண்டால்தான் அணிவகுத்து வந்த குதிரைப்படைக்கு எதிராக உப்புவண்டித் தொடர் நேர்நின்று அவலத்தை மிகுவிக்கும். தனிவண்டி எனின் அந்நேர்மை கெடும்.

இச்சொல் நீர்வழிக்கும் சென்றதோ எனின், உப்பு விற்று நெல்லொடு மீண்ட படகுகளைப் பட்டினப்பாலை ‘பஃறி’ என்றே கூறும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்னும் ஊர் உளது. ‘ரேவு’ தெலுங்கில் துறை எனப் பொருள்படும். அப்பகுதியில் பக்கிங்காம் கால்வாய் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குச் சென்றன. சகடம் செய்த தொழிலைத் தோணி செய்தது. ஆயினும் பட்டினப்பாலைப் படகுகளும் ஒழுகை எனப்பட்டில. சங்கச் செய்யுளில் இச்சொல் நிலவழித் தொடர்க்கே உரியதாயிற்று.

ஆதலின், ‘வண்டித் தொடர்’ என்பதே ஒழுகையின் முதற்பொருள் எனவும், ‘வண்டி’ என்பது இடம் நோக்கிக் கொண்ட வழிப்பொருள் எனவும் கோடலே தக்கது. புறம் 116-ஐப் பாடஞ் சொல்வோர் ‘உப்பு வண்டி’ என்று மட்டும் கூறி அமைதல் போதாது.