ஐயாயிரம் ரூபாயும் ஒரு சர்டிபிகேட்டும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழிப் பக்கம் இருக்கும் அக்கா மகன், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம், மெதுவாகக் கேட்டான்: "மாமா, இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் ஆயிரத்து ஐநூறு ரூவாய்க்கு ஆன்லைன்ல தர்றாங்க. காலேஜ்ல கேக்குறாங்க. வாங்கிரட்டுமா?"

திட்ட வாய் வரவில்லை. நான் பி.ஈ. படித்தபோது பத்து நாள் 'இன்பிளாண்ட் ட்ரெயினிங்' போனோம். முதல் நாள் ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். மிச்ச நாளெல்லாம் கேன்டீன்தான். கடைசியில் சீல் வைத்து சர்டிபிகேட். எங்களிடம் காசு வாங்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது. 5 வருஷத்தில் 1 கோடிப் பேருக்கு, நாட்டின் முதல் 500 நிறுவனங்களில், 12 மாதப் பயிற்சி. மாதம் ₹5,000, ஒரு தடவை மட்டும் ₹6,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2024-ல் வந்த விதிகளைப் படித்தால் முதல் இடி: முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர் விண்ணப்பிக்க முடியாது என்று இருந்தது. அதாவது என் மருமகனுக்கு இதில் இடமே கிடையாது.

முடித்தவர்களுக்காவது பயன்பட்டதா? முதல் சுற்றில் சுமார் 82,000 அழைப்புகள் போயின. சுமார் 28,000 பேர் சம்மதித்தார்கள். சேர்ந்தது 9,000 பேர்கூட இல்லை. தூரமும் ஓராண்டுக் காலமும் முக்கியக் காரணங்கள் என்று அரசே சொன்னது.

"நம்ம பசங்களுக்கு ஊரை விட்டு வர மனசில்லை" என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்குமே ₹5,000 பத்தாது. மிச்சத்தை யார் அனுப்புவது? மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் போடும் வீடா? வசதி உள்ள வீட்டுப் பிள்ளை சம்பளம் இல்லாமலேகூட இன்டர்ன்ஷிப் போவான். இல்லாதவனுக்கு அது கடன்.

எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்று உண்டு. 1961-ல் வந்த அப்ரன்டிஸ் சட்டம் இன்றும் இருக்கிறது. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் ₹9,000 என்று 2019-ல் வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து வந்த புதுத் திட்டம், கட்டாயம் எதுவுமில்லாமல், ₹5,000-க்கு இறங்கியது ஏன்?

நம்மிடம் உருப்படியாக நடக்கும் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம் வார்டில் நிற்காமல் டாக்டராகப் பதிய முடியாது. மேலே ஒரு சீனியர் இருப்பார், உதவித்தொகையும் வரும். வேளாண் மாணவர்கள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி விவசாயியோடு வேலை பார்க்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக என்ன இருக்கிறது? பாடத்திட்டத்திலேயே நேரம் ஒதுக்கியிருக்கிறது. கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறார். செய்யும் வேலை நிஜமாக இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது.

பி.எஸ்சி., பி.காம். பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் கிடையாது. எங்கள் கரிசல் பூமியில் வேலைக்கா பஞ்சம்? அருப்புக்கோட்டையில் நூற்பாலைகள் இருக்கின்றன, விசைத்தறிகள் இருக்கின்றன. கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூற்பாலையில் எந்த மெஷின் எத்தனை மணி நேரம் நின்றது, ஏன் நின்றது என்று மூன்று மாதம் குறித்து வைத்து அலசுவது நல்ல டேட்டா வேலை. ஒரு ஒன்றியத்தின் கண்மாய்களில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பட்டியல் போடுவதும் அப்படித்தான். டவுன் பஸ்ஸில் போய்வரலாம், ஹாஸ்டல் செலவு இல்லை.

உள்ளூரில் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது நியாயமான ஆட்சேபம். அங்கேதான் என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீடியோ காலில் உட்காரலாம். ஆனால் நேரம் ஒதுக்க வேண்டியது கல்லூரி. பஸ் காசும் உதவித்தொகையும் தர வேண்டியது அரசும் நிறுவனமும். அதை நம் நல்ல மனசை வைத்து ஈடுகட்ட முடியாது.

மருமகனிடம் வாங்காதே என்றேன். "அப்ப காலேஜ்ல என்ன குடுக்க மாமா?" என்றான். தெரிந்த ஒரு நூற்பாலை மேனேஜரிடம் பேசியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.