மறக்கப்பட்ட நாயகர்கள், மீண்டும் கூடிய குழுக்கள்

1951இல் வெளிவந்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ 57ஆம் இதழோடு ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற குழுவின் கதை நின்றுபோனது. சூப்பர்ஹீரோக்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த முதல் குழு அது. 1940இன் கடைசியில், அதே பத்திரிகையின் மூன்றாம் இதழில், ஷெல்டன் மேயர் ஆசிரியராக இருக்க, கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதித் தொடங்கிய கதை. போர்க்காலம் முழுவதும் சிறுவர்கள் தேடித்தேடிப் படித்த அந்தக் குழுவுக்கு, விடைபெறும் காட்சி ஒன்றுகூட எழுதப்படவில்லை. அடுத்த இதழ் ‘ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு கௌபாய்க் கதைகளோடு கடைக்கு வந்தது.

இப்படிக் கைவிடப்பட்டவர்களை மீட்டெடுப்பது இன்றைய ஆங்கில காமிக்ஸில் தனியொரு கதைவகையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கான வணிகக் காரணம் எளிது. பாத்திரத்தின் உரிமை ஏற்கெனவே பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்க்கச் சில ஆயிரம் பழைய வாசகர்களாவது இருப்பார்கள். ஆனாலும் மீட்கப்பட்டவர்களில் பலர் சில இதழ்களிலேயே மறுபடி மறைந்துபோகிறார்கள். நிலைத்தவர்கள் ஏன் நிலைத்தார்கள்? நாயகன் காணாமல்போயிருந்த காலத்தையும் அவனுடைய வாழ்க்கையின் பகுதியாகவே ஏற்றுக்கொண்ட கதைகள் நிலைத்தன. அந்தக் காலத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவை தடுமாறின. முன்னாள் குழு முக்கியமாவதும் இதனால்தான். அவன் யாராக இருந்தான், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கதைக்குள் இருக்கும் சாட்சிகள் அந்தப் பழைய தோழர்களே.

மௌனத்துக்கு ஒரு காரணம்

முதல் மீட்பு 1961 செப்டம்பர் தேதியிட்ட ‘ஃபிளாஷ்’ 123ஆம் இதழில் நடந்தது. எழுதியவர் அதே கார்ட்னர் ஃபாக்ஸ். வரைந்தவர் கார்மைன் இன்ஃபண்டினோ. புதிய ஃபிளாஷான பேரி ஆலன் வேறொரு பூமிக்குத் தவறிப்போய், தான் சிறுவயதில் காமிக்ஸில் படித்த பழைய ஃபிளாஷும் ஜஸ்டிஸ் சொசைட்டி உறுப்பினருமான ஜே காரிக்கை நேரில் சந்திக்கிறான். ஜேக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. காதலித்தவளையே மணந்து, ஓய்வாக இருக்கிறார். வாசகர்கள் பார்க்காத பத்து ஆண்டுகளை அவர் வாழ்ந்து கடந்திருக்கிறார் என்பதை அந்த நரையே சொல்லிவிடுகிறது. 1963 முதல் ஜேயின் பூமியிலுள்ள ஜஸ்டிஸ் சொசைட்டியும் பேரியின் பூமியிலுள்ள புதிய குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பது வழக்கமாயிற்று. இந்த மீட்புக்காகப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ரசிகர்களில் ஜெரி பெய்ல்ஸ், ராய் தாமஸ் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். ராய் தாமஸ் பின்னாளில் தொழில்முறை எழுத்தாளராகி, 1981இல் ‘ஆல் ஸ்டார் ஸ்குவாட்ரன்’ தொடரைத் தொடங்கி அந்தக் குழுவின் போர்க்காலக் கதைகளை விரிவாக எழுதினார். வாசகன் எழுத்தாளனாகித் தன் நாயகனை மீட்கும் மரபு இங்கிருந்துதான் கிளைத்தது.

இந்த வகையின் ஆகச் சிறந்த யுக்தி 1979இல் வந்தது. ‘அட்வென்ச்சர் காமிக்ஸ்’ 466ஆம் இதழில் பால் லெவிட்ஸ் எழுத, ஜோ ஸ்டேட்டன் வரைந்த சிறு கதை அது. 1951இல் அந்தக் குழு ஏன் மறைந்தது? நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று அவர்களை அழைத்து, முகமூடியைக் கழற்றி அடையாளத்தை வெளிப்படுத்தும்படி கேட்கிறது. அவர்கள் மறுக்கிறார்கள், அங்கேயே மறைந்து, பொதுவாழ்விலிருந்து விலகிவிடுகிறார்கள். விற்பனை குறைந்ததால் நிறுத்தப்பட்ட ஒரு தொடர், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் மானத்தோடு எடுத்த முடிவாக மாறிவிட்டது. பிறகு எழுதிய அனைவரும் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டே மேலே கட்டினார்கள்.

ஸ்டார்மேனின் மகன்

அப்படிக் கட்டப்பட்டவற்றில் உயர்ந்து நிற்பது ஜேம்ஸ் ராபின்சனின் ‘ஸ்டார்மேன்’. 1994இல் பூஜ்ஜிய எண்ணிட்ட இதழோடு தொடங்கி 2001இல் 80ஆம் இதழோடு முடிந்தது. தொடக்க ஆண்டுகளின் ஓவியர் டோனி ஹாரிஸ்.

முதல் ஸ்டார்மேன் டெட் நைட், ஓவியர் ஜாக் பர்ன்லியின் கைவண்ணத்தில் 1941இல் அறிமுகமானவர். விண்மீன்களின் ஆற்றலை ஈர்க்கும் கோலை ஏந்திப் பறக்கும் விஞ்ஞானி. ஜஸ்டிஸ் சொசைட்டியில் இடம்பிடித்திருந்தும் முதல் வரிசைக்கு ஒருபோதும் வராதவர். ராபின்சன் எழுத வந்த நேரத்தில் அவருடைய குழுவே சிதைந்துகிடந்தது. அதே 1994இல் வந்த ‘ஸீரோ ஹவர்’ தொடரில் அந்த மூத்த நாயகர்களில் சிலர் கொல்லப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள் திடீரென்று முதுமை எய்தியிருந்தார்கள். புதிய தலைமுறைக்கு இடம்விடப் பழையவர்களை ஒதுக்கிய அந்த முடிவு அன்றைய ரசிகர்களைக் காயப்படுத்தியது. ராபின்சன் அதை மாற்ற முயலவில்லை. அந்த முதுமையிலிருந்தே கதையைத் தொடங்கினார்.

தந்தையின் உடையை ஆசையோடு அணிந்துகொண்ட மூத்த மகன் டேவிட், முதல் சில பக்கங்களிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்த உடையைக் கிண்டல் செய்துகொண்டிருந்த இளைய மகன் ஜாக்கிடம் கோல் வந்து சேர்கிறது. ஜாக் பழம்பொருள் வியாபாரி. யாரோ கழித்துவிட்ட பொம்மைகளுக்கும் சட்டைகளுக்கும் மதிப்புத் தெரிந்தவன். இந்தத் தொழிலை அவனுக்குத் தந்ததில்தான் ராபின்சனின் நுட்பம் இருக்கிறது. பழைய பொருளைத் துடைத்து எடுத்து அடுத்தவர் கையில் சேர்ப்பவன், தன் தந்தையின் கடந்தகாலத்தை மட்டும் பார்க்க மறுத்தவனாக இருக்கிறான். அவன் முகமூடி போடுவதில்லை. தோல் ஜாக்கெட், காற்றுக்கண்ணாடி, நெஞ்சில் ஒரு நட்சத்திர வில்லை. இவ்வளவுதான் அவன் உடை. ஸ்டார்மேனாக இருக்க அவன் தந்தையிடம் வைக்கும் நிபந்தனையும் முக்கியமானது. ஆயுதமாக மட்டுமே பயன்பட்ட அந்த ஆற்றலை மக்கள் வாழ்க்கைக்குப் பயன்படும்படி நீங்கள் ஆராய வேண்டும் என்கிறான். அரை நூற்றாண்டாக எந்தக் கதையும் டெட் நைட்டிடம் கேட்காத கேள்வி அது.

ஆண்டுக்கு ஒருமுறை ஜாக், இறந்த அண்ணனைக் கனவு போன்றதொரு வெளியில் சந்தித்துப் பேசுகிறான். அப்படியோர் இதழில் இறந்துபோன பழைய நாயகர்கள் ஒரு மேசையில் விருந்துக்கு அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ரெட் பீயும் இருக்கிறான். பழக்கிய தேனீயை வைத்துக் குற்றவாளிகளைப் பிடித்தவன். காமிக்ஸ் உலகின் நிரந்தரக் கேலிப்பொருள். அந்த மேசையில் அவனும் மற்றவர்களுக்குச் சமமாக அமர்ந்து பேசுகிறான். பெரிய நாயகர்களுக்குக் கொடுக்கும் மரியாதையைச் சின்னஞ்சிறு பாத்திரத்துக்கும் கொடுத்த இந்தப் பண்புதான் தொடர் முழுவதையும் தாங்கி நிற்கிறது. 1976இல் ஒரே ஓர் இதழில் தோன்றி மறைந்த, நீலத்தோல் கொண்ட வேற்றுக்கிரக ஸ்டார்மேன் மிகாலையும் ராபின்சன் தேடிக் கொண்டுவந்தார். இத்தனை ஆண்டுகள் அவன் எங்கே இருந்தான் என்பதற்குக் கதையே பதில் சொல்கிறது: ஒரு கொடூர சர்க்கஸில், காட்சிப்பொருளாக அடைபட்டுக் கிடந்தான்.

பழைய தோழர்களும் வெறும் அலங்காரமாக வந்துபோகவில்லை. முதிய வெஸ்லி டாட்ஸ் என்ற முதல் சாண்ட்மேனிடம் ஜாக் பாடம் கற்கும் ‘சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்’ பகுதி 1997இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது பெற்றது. அந்த வெஸ்லியின் மரணத்தோடும் இறுதிச் சடங்கோடும்தான் 1999இல் ‘ஜேஎஸ்ஏ’ என்ற புதிய தொடர் தொடங்கியது. ராபின்சனும் டேவிட் கோயரும் தொடங்கி, விரைவில் ஜெஃப் ஜான்ஸ் கைக்கு வந்த அந்தத் தொடர், 2006 வரை 87 இதழ்கள் ஓடியது. ஜான்ஸ் படைத்த ஸ்டார்கேர்ல் கோர்ட்னி, 1996 விமான விபத்தில் அவர் இழந்த தங்கையின் நினைவில் உருவானவள். ‘ஸ்டார்மேன்’ கடைசி இதழில் ஜாக் தன் கோலை அவளிடம் கொடுத்துவிட்டு விலகுகிறான். ஒதுக்கப்பட்ட ஒருவரின் கதை மூன்று தலைமுறைகளாக நீண்டுவிட்டது.

இரும்பு உடலில் ஒரு மூளை

இன்னொரு பாதையைக் காட்டியது ‘டூம் பட்ரோல்’. 1963இல் ஆர்னால்ட் டிரேக், பாப் ஹேனி, ஓவியர் புரூனோ பிரெமியானி ஆகியோர் படைத்த குழு. விபத்தால் உருக்குலைந்தவர்களை, சக்கர நாற்காலியில் இருக்கும் ‘சீஃப்’ ஒன்றுசேர்க்கிறார். 1968இல் தொடர் நின்றபோது, டிரேக் துணிந்து அனைவரையும் கொன்றுவிட்டார். கோட்ஸ்வில் என்ற மீனவக் கிராமத்தின் 14 பேரைக் காப்பாற்ற அந்தக் குழு தன்னையே பலிகொடுக்கிறது. ஒரு தொடருக்கு இத்தகைய நேர்மையான முடிவு அன்று அபூர்வம்.

1977இல் பால் கப்பர்பெர்க், ரோபாட்மேன் கிளிஃப் ஸ்டீல் மட்டும் பிழைத்ததாக எழுதிப் புதிய குழுவை அமைத்தார். அது ஆழமாக வேர்விட்டது, 1989இல் கிராண்ட் மாரிசன் பொறுப்பேற்றபோதுதான். அவருடைய முதல் கதையில் கிளிஃப் மனநல மருத்துவமனையில் இருக்கிறான். இரும்பு உடலுக்குள் ஒரு மனித மூளை. தொடுவதும் சுவைப்பதும் அவனுக்கு நினைவாக மட்டுமே மிச்சமிருக்கின்றன என்பதைப் பார்க்க வந்தவரிடம் அவன் விளக்குகிறான். கால் நூற்றாண்டாகக் கவசம்போல் வரையப்பட்ட அந்த உடல், அந்தப் பக்கங்களில் இழப்பாக மாறுகிறது. பின்னர் மாரிசன் இன்னும் ஆழமாக வெட்டினார்: அவர்களை உருக்குலைத்த விபத்துகளுக்குக் காரணமே சீஃப்தான். பழைய நிகழ்ச்சி ஒன்றையும் அவர் அழிக்கவில்லை. எல்லாம் நடந்தபடியே இருக்கின்றன; அவற்றின் பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது.

இதற்கு நேரெதிரான சோதனையும் நடந்தது. 2004இல் ஜான் பைர்ன் முந்தைய வரலாறு எதுவும் நடக்காததுபோல டூம் பட்ரோலைப் புதிதாகத் தொடங்கினார். 18 இதழ்களில் முடிந்தது. பழைய வரலாற்றையும் பதிப்பகம் திருப்பிக் கொடுத்தது. 2011இல் இந்தக் கதைகளின் பதிப்பகமான டிசி தன் உலகம் முழுவதையும் மாற்றி அமைத்தபோது ஜஸ்டிஸ் சொசைட்டியின் கடந்தகாலமும் கரைந்துபோனது. அடுத்த ஆண்டு ‘எர்த் 2’ தொடரில் ஜே காரிக்கும் அவருடைய பழைய குழுத் தோழர் ஆலன் ஸ்காட்டும் இளைஞர்களாக மறுபிறவி எடுத்தார்கள். எழுதியவர் அதே ஜேம்ஸ் ராபின்சன். நிக்கோலா ஸ்காட்டின் ஓவியங்களிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் போரைப் பார்த்த, தோழர்களைப் புதைத்த அந்த மனிதர்கள் அதில் இல்லை. ‘ஸ்டார்மேன்’ தந்த நெகிழ்ச்சி அங்கே கிடைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். 2022இல் ஜெஃப் ஜான்ஸ் மறுபடி தொட்டபோது, அந்த மூத்தவர்கள் வயதோடும் வரலாற்றோடும் திரும்பினார்கள்.

இன்னொரு பதிப்பகமான மார்வெலிலும் இதே பாடம்தான். உலகப் போரில் இறந்ததாகக் கருதப்பட்ட, கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கியை 2005இல் எட் புரூபேக்கர் ‘விண்டர் சோல்ஜர்’ ஆகத் திருப்பியபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் கொலைக்கருவியாகப் பயன்படுத்தப்பட்டான் என்றார். 2008இல் டான் அப்னெட்டும் ஆண்டி லானிங்கும் சிதறிக்கிடந்த விண்வெளிப் பாத்திரங்களைச் சேர்த்தபோது, 1969இன் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ என்ற பழைய பெயரை, அந்த முதல் குழுவின் வான்ஸ் ஆஸ்ட்ரோ வழியாகவே புதியவர்களுக்குக் கொடுத்தார்கள்.

மாயாவி

‘மறக்கப்பட்டவன்’ என்பது யாருடைய மறதி என்ற கேள்வியைத் தமிழ் வாசகர்கள் கேட்க நியாயமுண்டு. 1962இல் பிரிட்டிஷ் வார இதழ் ‘வேலியன்ட்’டில் கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த லூயிஸ் கிராண்டெல், மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய மறைந்துபோகிறவன். எழுபதுகளில் அவன் சொந்த நாட்டில் பழங்கதையாகிக்கொண்டிருந்தபோது, 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. இங்கே அவன் மறுபதிப்புகளில் வாழ்ந்துகொண்டே இருந்தான். பிரிட்டனில் 2005இல்தான் ‘ஆல்பியன்’ வந்தது. ஆலன் மூர் வகுத்த கதையை, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். மாயாவியின் காலத்து நாயகர்களெல்லாம் அரசாங்கத்தால் சிறைப்பிடிக்கப்பட்டிருந்தார்கள் என்பது அதன் கரு. அங்கும், காணாமல்போன காலத்துக்கு ஒரு காரணம் சொல்லப்பட்ட பிறகே கதை நகர்கிறது.

எழுதியவர்களுக்கு என்ன நேர்ந்தது?

பாத்திரங்களின் இருண்ட காலத்துக்கு இவ்வளவு அக்கறையோடு காரணம் கற்பிக்கும் இந்தத் துறை, அவர்களைப் படைத்தவர்களின் இருண்ட காலத்தையும் பேசியாக வேண்டும். ஜஸ்டிஸ் சொசைட்டியை எழுதித் தொடங்கிய கார்ட்னர் ஃபாக்ஸும், டூம் பட்ரோலையும் முதல் கார்டியன்ஸையும் எழுதிய ஆர்னால்ட் டிரேக்கும், அறுபதுகளின் பிற்பகுதியில் காப்பீடு போன்ற அடிப்படைச் சலுகைகளைக் கேட்ட எழுத்தாளர்கள். அந்தக் காலகட்டத்திலேயே இருவரும் டிசியிலிருந்து விலக நேர்ந்தது. டிரேக் 2005இல் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான பில் ஃபிங்கர் விருது பெற்றபோது அவர் முதியவர். இரண்டே ஆண்டுகளில் காலமானார். 2008இன் கார்டியன்ஸ் குழுவில் இடம்பெற்ற ராக்கெட் ராக்கூனைக் கீத் கிஃபனுடன் சேர்ந்து படைத்த பில் மான்ட்லோ, 1992இல் வாகனம் மோதி மூளையில் படுகாயமுற்று, பல்லாண்டுகள் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தார். 2014இல் அந்த ராக்கூன் உலகத் திரைகளில் புகழ்பெற்றபோதும் அவர் அங்கேதான் இருந்தார். மாயாவியை வரைந்த பிளாஸ்கோவின் பெயரைக்கூட அன்றைய பிரிட்டிஷ் இதழ்கள் அச்சிடவில்லை.

ஒரு பாத்திரம் மீண்டு வந்தால் அதன் லாபத்தில் முதல் படைப்பாளிக்கோ குடும்பத்துக்கோ பங்கு இருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்க வேண்டும். சில பதிப்பகங்கள் சில பெயர்களுக்கு இதைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. எல்லாப் பெயர்களுக்கும் செய்யும்வரை வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜே காரிக்கை மீட்டது வாசகர்கள் எழுதிய கடிதங்கள். அவரை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்கும் அந்தக் கடிதங்கள் கடன்பட்டிருக்கின்றன.