வீதியில் நடந்தோர் வென்றது என்ன?
இரு நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி எழுந்த நூல்கள் பல. அவற்றுள் முஸ்லிம்களாகிய நம் உள்ளத்துக்கு மிக அணுக்கமானது, அலெக்ஸ் ஹேலியின் துணையோடு மால்கம் எக்ஸ் சொல்லி எழுதப்பட்ட தன்வரலாறு. 1965 பிப்ரவரி 21இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அதே ஆண்டில் அது வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய ‘நாம் ஏன் காத்திருக்க இயலாது’ என்னும் நூல் வந்தது. பர்மிங்காம் நகரப் போராட்டத்தின் வரலாறும், சிறையிலிருந்து அவர் எழுதிய புகழ்பெற்ற மடலும் அதில் அடங்கியுள்ளன. முன்னதைப் போற்றும் நம்மவர் பின்னதைத் தொடுவது அரிது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இரண்டின் பெறுமதியும் விளங்காது என்பது நம் கருத்து.

இரு நூல்களும் ஒரே வினாவைச் சுற்றி வருகின்றன. நிறத்தின் பேரால் ஒரு மக்கள் கூட்டத்துக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்த்து வீதியில் இறங்கி நடப்பதால் மெய்யான மாற்றம் விளையுமா? அன்றி, அது நெஞ்சின் கொதிப்பு தணிவதற்கான ஒரு வடிகால் மட்டுமா? இவ்வினாவை நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெரியவர்களிற் சிலர் ‘ஃபித்னா’ என்ற ஒரு சொல்லால் அவர்தம் வாயை அடைத்துவிடுகிறார்கள். இளைஞரிற் சிலரோ, வீதியில் திரண்டால் எல்லாம் கைகூடிவிடும் என்று நம்புகிறார்கள். இரு சாராரும் இந்நூல்களைப் படிக்கவில்லை என்றே எண்ண வேண்டியுள்ளது.

மால்கமின் குற்றச்சாட்டு

1963 ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் கூடினர். அங்குத் தாமும் இருந்து கண்டதாக எழுதும் மால்கம், அந்தப் பேரணியை ஒரு கேலிக்கூத்து என்றே சாடுகிறார். அடித்தட்டு மக்களின் சினத்திலிருந்து பிறந்த ஒரு திட்டத்தைத் தலைவர்களும் பணம் படைத்தோரும் கைப்பற்றினர் என்பது அவர் வாதம். எங்கே கூடுவது, எதை ஏந்துவது, எப்போது கலைவது என்பதெல்லாம் அளந்து கொடுக்கப்பட்ட பின் அஃது ஓர் உல்லாசப் பயணமாயிற்று என்கிறார். கூர்மையும் எள்ளலும் மிக்க நடை அது. படிக்கும் எவரும் ஒருகணம் தலையசைக்காமல் இருக்க முடியாது.

ஆயினும் நடையின் ஆற்றல் வேறு, வாதத்தின் உண்மை வேறு. பேரணி நடந்து ஓராண்டு நிறையுமுன், 1964 ஜூலை 2இல், குடியுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. உணவகம், விடுதி, வேலையிடம் ஆகியவற்றில் நிறம் பார்ப்பதை அச்சட்டம் தடை செய்தது. பேரணி ஒன்றே இதனைக் கொணர்ந்தது என்று நாம் கூறவில்லை. எனினும், அதனால் ஒன்றும் விளையவில்லை என்னும் தீர்ப்பை வரலாறு ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்நூல் உருவான முறையையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1963இல் தொடங்கிய உரையாடல்கள் மால்கமின் இறுதி நாட்கள் வரை நீண்டன. இடையில் அவர் தம் பழைய இயக்கத்தை விட்டு விலகினார். 1964இல் ஹஜ்ஜுச் செய்தார். முன் சொன்ன பகுதிகளைத் திருத்த அவர் முற்பட்டபோது ஹேலி தடுத்து, அவற்றை அவ்வாறே நிற்க விட்டார். ஆகவே, இந்நூலில் பேசுவோர் இருவர். பேரணியைச் சாடும் பகுதி மக்கா அத்தியாயத்துக்கு முற்பட்டது. 1965 பிப்ரவரி 4ஆம் நாள், கிங் சிறையில் இருந்த வேளையில், அதே மால்கம் செல்மா நகரத் தேவாலயத்தில் போராட்டக்காரர் நடுவே நின்று உரையாற்றினார். கிங்கின் துணைவியாரிடம், அவர்தம் பணியைக் கடினமாக்கத் தாம் வரவில்லை என்றும் தெரிவித்தார். பேரணியைச் சாடிய பக்கங்களை மட்டும் எடுத்துக்காட்டுவோர், செல்மாவுக்குச் சென்ற மால்கமை மறந்துவிடுகின்றனர்.

கிங்கின் மறுமொழி

1963 ஏப்ரலில் சிறைப்பட்ட கிங், போராட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விடுத்த எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு மறுமொழியாக எழுதியதே அம்மடல். அதில் அவர் வகுக்கும் வரிசை நம் கருத்துக்குரியது. முதலில் அநீதி உண்டா என்று செய்திகளைத் திரட்டி அறிதல், அடுத்துப் பேச்சுவார்த்தை, அதன்பின் தம்மைத் தாமே தூய்மை செய்துகொள்ளுதல்; நான்காவதாகவே வீதி. பேச மறுப்பவரைப் பேசும் நிலைக்குத் தள்ளுவதே வீதிக்குரிய வேலை என்கிறார். வீதியை முதற்படியாகக் கொள்வோரும், எந்நிலையிலும் ஆகாது என்போரும் இவ்வரிசையை ஊன்றிப் பார்த்தல் நலம்.

இவ்வரிசைக்கு உரைகல்லாக மாண்ட்கமரி நகரம் விளங்குகிறது. 1955 டிசம்பர் 1இல் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானார். அந்நகரில் கறுப்பினப் பெண்கள் அமைப்பு ஒன்று முன்னரே செயற்பட்டு வந்தமையால், ஓரிரவில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அச்சாயின. டிசம்பர் 5இல் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. பேருந்துப் பயணிகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பினத்தாரே ஆதலின், நிறுவனத்தின் வருவாய் வீழ்ந்தது. மக்கள் நடந்தனர், வாகனம் உடையோர் இல்லாதாரை ஏற்றிச் சென்றனர். மறுபுறம் 1956 பிப்ரவரியில் வழக்கும் தொடுக்கப்பட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது.

வென்றது கால்நடையா, வழக்கா என்று வினவுவோர் உளர். வழக்கு இன்றேல் நகரம் பணிந்திராது; நடந்தோர் இன்றேல் அந்த வழக்கு ஒரு சமூகத்தின் வழக்காகியிராது. அரபு மொழியில் ‘ஸப்ர்’ என்பதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என அகராதியாளர் கூறுவர். நாம் அதனைக் கைகட்டி வாளாவிருத்தல் என்று பொருள் கொண்டுவிட்டோம். சினத்தைக் கட்டி, காலைக் கட்டாது, 381 நாட்கள் வேலைக்கு நடந்து சென்று மீண்ட பணிப்பெண்களிடம் அச்சொல்லின் மூலப்பொருள் விளங்குகிறது.

வென்ற ஊரும் தோற்ற ஊரும்

கிங்கின் நூலில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி, அவர் தம் தோல்வியை ஆராயும் இடமாகும். 1961, 1962 ஆண்டுகளில் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நடந்த போராட்டம் பயன் தரவில்லை. அங்கே காவல் தலைவர் பிரிட்செட், கண்ணுக்குத் தெரியும் வன்முறையைத் தவிர்த்து, கைதானோரைச் சுற்றுவட்டாரச் சிறைகளுக்கெல்லாம் பிரித்தனுப்பினார். எல்லாப் பிரிவினையையும் ஒருங்கே எதிர்த்துச் சிதறிப் போனதே தங்கள் பிழை என்று கிங் எழுதுகிறார். பர்மிங்காமில் அப்பிழை திருத்தப்பட்டது. நகர மையத்துக் கடைகளைக் குறிவைத்து, ஈஸ்டர் வணிகக் காலத்தில் புறக்கணிப்பு நடந்தது. மே 2 முதல் பள்ளிச் சிறுவர் சிறுமியர் வீதிக்கு வந்தனர். காவல்துறைப் பொறுப்பாளர் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் அவர்கள்மீது ஏவினார். படங்களை உலகம் கண்டது. மே 10இல் வணிகர்கள் உடன்பாட்டுக்கு வந்தனர்.

சிலம்பில் கண்ணகியின் வழக்கு வென்றமைக்கு அவள் கையிலிருந்த பரல் மட்டும் காரணமன்று. பிழையுணர்ந்து நாணிய மன்னன் ஒருவன் அரியணையில் இருந்ததும் காரணமாகும். நாணத் தெரியாத அவையில் சிலம்பை உடைத்துப் பயனில்லை. பர்மிங்காமில் கானர் நாணவில்லை. ஆனால் அவருக்கு மேலே நாணத்தக்க ஒரு தலைநகரமும், நட்டத்துக்கு அஞ்சும் வணிகரும் இருந்தனர். அப்படியோர் அவை எங்குளது என்று கண்டறிந்து அதன்முன் சான்றை வைத்ததே அப்போராட்டத்தின் நுட்பம். இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1963 செப்டம்பர் 15இல் அந்நகரத்துத் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமியர் பலியாயினர். வெற்றிக் கணக்கு எழுதுவோர் இதனை விட்டுவிடலாகாது.

செல்மாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1965 மார்ச் 7இல் பாலத்தைக் கடந்தோர் தடியடிபட்டனர். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் அதற்கு முன் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தார் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 60 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் முகம் மாறியதை வடிகால் என்று தள்ளிவிட முடியுமா?

மால்கம் வெல்லும் இடம்

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. தெற்கில் வென்ற முறையை 1966இல் கிங் வடக்கே சிகாகோவுக்குக் கொண்டு சென்றார். அங்கே பிரிவினைச் சட்டம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. வீட்டு வாடகையிலும், வங்கிக் கடனிலும், பள்ளியின் இருப்பிடத்திலும் அது ஒளிந்திருந்தது. ஊர்வலத்தில் கிங் கல்லடிபட்டார். ஆகஸ்டில் கிட்டிய உடன்பாடு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1967இல் வெளிவந்த தம் அடுத்த நூலில், உணவக மேசைகளைத் திறந்துவிட்டதால் நாட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை என்றும், வீடும் வேலையும் கேட்கும்போதுதான் மெய்யான செலவு தொடங்குகிறது என்றும் அவரே உரைக்கிறார். வடநாட்டு நகரங்களின் சேரிகளில் வாழ்ந்த மால்கம் முன்பே கண்டு சொன்னது இதுவே. ஆதலின், பேரணியைப் பற்றி அவர் கூறிய தீர்ப்பு பிழையாயினும், நோயைப் பற்றிய அவர் கணிப்பு சரியானது.

அண்மைக் காலமும் இதற்குச் சான்று பகர்கின்றது. 2020 மே 25இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட், காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் கிடந்து உயிர்நீத்தார். அதன்பின் வீதிக்கு வந்தோர் ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடி வரை இருக்கலாம் எனக் கணிப்புகள் கூறின. 1963ஆம் ஆண்டுப் பேரணி இதன்முன் சிறு கூட்டம். அக்காவலர் 2021இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 22½ ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் ஃபிளாய்டின் பெயர் தாங்கிய காவல் சீர்திருத்த மசோதா கீழவையில் இருமுறை நிறைவேறியும் மேலவையைக் கடக்கவில்லை. வாஷிங்டன் வீதியில் 2020 ஜூனில் பேரெழுத்துகளில் மஞ்சள் வண்ணம் தீட்டி எழுதிய முழக்கம் 2025 மார்ச்சில் பெயர்த்தெடுக்கப்பட்டது. வண்ணத்தை அகற்றச் சில நாட்கள் போதும். வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான ஒரு பிரிவைச் செயலிழக்கச் செய்ய, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வேண்டியிருந்தது; அதற்கு 48 ஆண்டுகள் ஆயின. சட்டமும் அழியாததன்று, எனினும் நெடுநாள் காக்கும்.

மக்கா அத்தியாயத்தை நாம் படிக்கும் முறை

இனி, நம்மைப் பற்றிய ஒரு குறிப்பு. மால்கமின் நூலை எடுக்கும் நம்மவர் மக்கா அத்தியாயத்தைப் படித்து மகிழ்ந்து, அத்துடன் மூடிவிடுகின்றனர். எல்லா நிறத்தாரும் ஒரே தட்டில் உண்டதைக் கண்டு அவர் உள்ளம் மாறிய அவ்விடம் மெய்யாகவே உயர்ந்தது. ஆனால் அதனை நம் சமூகத்துக்குக் கிட்டிய நற்சான்றிதழாகக் கொள்ளலாமா? அவர் அரச விருந்தினராகத் தங்கினார். அந்நாட்டில் அடிமை முறை ஆணையால் ஒழிக்கப்பட்டது 1962இல், அதாவது அவர் சென்றதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னர். நிறத்தாலும் குலத்தாலும் மேன்மை பேசுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் தள்ளுபடி செய்து பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. நெறி அருளப்பெற்றமை ஒன்று. அந்நெறிக்கு நாம் உண்மையாக நடந்தமை மற்றொன்று. ஹஜ்ஜு முடித்து மால்கம் அங்கேயே தங்கிவிடவில்லை. தம் மக்களின் வழக்கை ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டிலும் ஐக்கிய நாடுகள் அவையிலும் வைக்க அலைந்தார். அந்த அலைச்சலையும் சேர்த்துப் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இரு நூல்களையும் மூடி வைத்துவிட்டு நாம் கொள்ளும் முடிவு வருமாறு. வீதி தனித்து எதையும் தருவதில்லை. முன்னரே கட்டப்பட்ட அமைப்பும், இன்னது வேண்டுமென்ற தெளிந்த கோரிக்கையும், அதனைத் தரவல்லவர் யார் என்ற அறிவும் உடன் இருக்குமாயின், வீதி சட்டத்தைப் பெற்றுத் தரும். உள்ளங்களையும் வருவாய்ப் பங்கீட்டையும் அது தானே மாற்றிவிடாது. பெற்றதைக் காக்க ஆள் இல்லையேல், அதுவும் கைநழுவும்.

‘ளுல்ம்’ என்பதற்கு, ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் அன்றி வேறிடத்தில் வைத்தல் என்று அரபுப் புலவர் பொருள் கூறுவர். ஒரு மனிதனை அவனுக்குரிய இருக்கையிலிருந்து எழுப்பி நிற்க வைப்பது அதுவே. அதனை நீக்க எழும் குரலை ஃபித்னா என்று அடக்குவோர், குழப்பத்தைத் தொடங்கியவர் யார் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். எழுகின்ற இளைஞரோ, ஒருநாள் ஊர்வலத்துக்குப் பின் வரும் 380 நாட்களுக்கும் தம்மிடம் என்ன உண்டு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்விரு நூல்களும் நம் இல்லத்து நூலடுக்கில் ஒன்றாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீதியின் பக்கம் நிற்கும் உறுதியைத் தந்தருள்வானாக.