விண்வெளியில் காப்புரிமை: எட்டும் தூரமும் எட்டாத தூரமும்

காப்புரிமை அதை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். விண்வெளியை எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை. ஆயினும் விண்கலத்தைப் பதிவு செய்த நாட்டுக்கு அதன் மீது அதிகாரம் உண்டு என்று கூறி, உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. அமெரிக்கா 1990-இல் அந்த வழியாகவே தன் காப்புரிமைச் சட்டத்தை விண்ணுக்கு நீட்டியது. அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்ட கலத்தில் நடப்பது அமெரிக்காவில் நடந்ததாகவே கொள்ளப்படும். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கான 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் ஒவ்வொரு பகுதியையும் பதிவு செய்த நாட்டின் மண்ணாகக் கருதுகிறது.

இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கப்பல் முதலாளிகள் வசதியான நாட்டுக் கொடியைத் தேடிப் போவதுபோல, செயற்கைக்கோள் நிறுவனமும் கெடுபிடி குறைந்த நாட்டில் கலத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆகவே காப்புரிமைக்கு உண்மையான பிடி தொழிற்சாலையிலும் ஏவுதளத்திலும்தான்.

பொருளை விட்டுச் செயல்முறைக்கு உரிமை கோரும்போது சிக்கல் முற்றுகிறது. ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைக் கடலில் மிதக்கும் மேடையில் இறக்கும் முறைக்கு விண்வெளி நிறுவனமான ப்ளூ ஆரிஜின் 2014 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அப்போது அந்நிறுவனம் அப்படி எதையும் இறக்கியிருக்கவில்லை. அதே முயற்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த போட்டி நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ், காப்புரிமை அலுவலகத்திலேயே அதை எதிர்த்தது. ஜப்பானிய ஆய்வாளர் இஷிஜிமாவும் உடன் பணியாற்றியோரும் 1998-இலேயே அத்தகைய முறையை எழுதியிருந்தார்கள் என்பது அதன் முக்கிய வாதம். 2015-இல் ப்ளூ ஆரிஜின் தன் உரிமைக்கோரல்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. மறுபரிசீலனைக்கு வழி இருந்ததைச் சட்டத்தின் பலமாகச் சொல்லலாம். ஆனால் வழக்காடப் பணமுள்ள எதிராளி இருந்ததால்தான் அது பலித்தது. சிறு நிறுவனமாக இருந்தால் ஒதுங்கிப் போயிருக்கும்.

ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட் நுட்பங்களுக்குப் பெரும்பாலும் காப்புரிமையை நாடுவதில்லை. காரணம், விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் வெளியாகிவிடும். அதைப் படிக்கும் வெளிநாட்டுப் போட்டியாளர் மீது, குறிப்பாக அரசே நடத்தும் நிறுவனத்தின் மீது, வழக்குத் தொடுத்துப் பயனில்லை. நிறுவனத்துக்கு இது சரியான கணக்கு, அறிவியலுக்கு இழப்பு. காப்புரிமை 20 ஆண்டுகளில் காலாவதியாகி நுட்பத்தைப் பொதுவுக்குத் தந்துவிடும். வணிக ரகசியத்துக்கோ காலக்கெடு கிடையாது. ஆனால் முதலீட்டாளரிடம் காட்ட ஏதேனும் வேண்டியிருக்கும் புதிய நிறுவனத்துக்கு ரகசியம் மட்டும் போதாது. எஞ்சின், உந்துகலன் போன்ற பொருள்களுக்கு, மண்ணிலேயே மீறலைக் காட்ட முடியும் என்பதால், காப்புரிமை இன்றும் பொருந்துகிறது. பறக்கும் முறைகளுக்கு அது தரும் காப்பு குறைவு, போடும் தடை அதிகம்.