ஊக்கு குத்திய கையும் சட்டை தைத்த கையும்

ஹவுரா மைதானத்துக்குப் பக்கத்தில் மங்களா ஹாட் கூடும் நாள்களில் விடிவதற்கு முன்பே மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். பீகார், ஒடிசா, அசாம் என்று வெளிமாநில வியாபாரிகள் வந்து குழந்தைகளின் கவுன், பைஜாமா, நைட்டி, டீ-சர்ட் என டஜன் டஜனாக அள்ளிப்போவார்கள். டோம்ஜூர், அங்குர்ஹாட்டி, ஆற்றுக்கு அக்கரையில் மெட்டியாபுரூஸ் என்று பல இடங்களில் வீட்டுத் திண்ணைகளிலும் சின்னக் கூடங்களிலும் தைத்த துணிகள் அவை. வேலையை எடுத்துப் பிரித்துக் கொடுப்பவரை அங்கே ஓஸ்தாகர் என்பார்கள். துணி வெட்டித் தருவது அவர் பாடு. தைப்பவர், பட்டன் வைப்பவர், பிசிறு வெட்டுபவர், இஸ்திரி போடுபவர் எல்லோருக்கும் பீஸ் ரேட்தான். திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபத்திலும் இரண்டு ஊரும் ஒன்றுதான்: 2023 ஜூன் மாதம் திருப்பூரின் காதர்பேட்டை பனியன் பஜார் எரிந்தது. அடுத்த மாதமே மங்களா ஹாட்டில் நள்ளிரவுத் தீயில் நூற்றுக்கணக்கான கடைகள் சாம்பலாயின.

இந்த ஹவுராவில் நின்றுகொண்டு, எழுபதுகளின் லண்டனில் பரவிய பங்க் இசைக் கலகத்தின் உடைகளைப் பற்றி எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். பங்க் இசைக்கென்று ஹவுராவில் பெரிய கூட்டம் எதுவும் கிடையாது. பாலத்தைத் தாண்டிய கொல்கத்தாவிலும் ராக், மெட்டல் ரசிகர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஒரு ருசியாகத்தான் அது இருக்கிறது. ஆனாலும் பங்க் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் பெருமை, ‘என் உடையை என் கையால் நானே செய்தேன்’ என்பது. அந்தப் பெருமையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கணக்குப் பிழை என்று பார்க்க, நாட்டின் மலிவுத் துணியைத் தைத்துக் கொட்டும் ஊரைவிட நல்ல இடம் லண்டனில்கூட அமையாது.

லண்டன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையை மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தினார்கள். 1974இல் அதற்கு ‘செக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள், 1976இன் கடைசியில் ‘செடிஷனரீஸ்’ என்று மாற்றினார்கள். கிழித்த சட்டை, ஊக்கு, சங்கிலி, கால்களைப் பிணைக்கும் வார் வைத்த பேன்ட் எல்லாம் அங்கே விற்பனைக்கு இருந்தன. விலைதான் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவின் ஊசிப்பெட்டியைத் திறந்தார்கள். எழுபதுகளின் பங்க் உடையில் எனக்குப் பிடித்த பகுதி இந்தக் கடை வாசலுக்கு வெளியே நடந்தது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் பாடகி பாலி ஸ்டைரீன் போன்ற பெண்கள், ஆண்களுக்குப் பிடித்த அழகைத் தூக்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக்கும் பளீர் நிறங்களுமாகத் தாங்களே கூட்டிச் சேர்த்து உடுத்திக்கொண்டு மேடை ஏறினார்கள். கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்தால் இசைக்குழு தொடங்கலாம் என்ற அந்தக் காலத் துணிச்சல் துணிக்கும் பொருந்தியது. ஓட்டுத் தையல் தெரிந்தால் போதும்.

இந்த முறையின் பலத்தை அறிய ஜாக்கெட்டில் தைக்கும் வாசகத் துணியான பேட்ச் ஒன்றே ஒன்று செய்து பார்த்தால் போதும். பழைய கறுப்புப் பேன்ட்டின் தொடைப்பகுதித் துணி கொஞ்சம், வேண்டாத எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்று, புது பிளேடு, துணிக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. ஃபிலிமில் எழுத்தை வெட்டும்போதுதான் சிக்கல். வங்காள எழுத்து ‘ব’ ஒரு மூடிய முக்கோணம். சுற்றி வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். தமிழ்ச் சுழிகளுக்கும் இதே கதிதான். ஆகவே அங்கங்கே மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். பெயின்ட்டைத் தேய்த்தால் ஓரம் கசியும், ஸ்பாஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும். காய்ந்ததும் திருப்பிப் போட்டு இஸ்திரி. பிறகு ஜாக்கெட் முதுகில் தைக்கிற வேலை. மேலைநாட்டுப் பிள்ளைகள் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் தைப்பதுண்டு. சாதாரண நூலைப்போல அது இற்றுப்போகாது. ஒரு சாயங்காலத்தில் முடியும் வேலை, செலவும் அற்பம். அதற்குள் வெட்டவும் அச்சிடவும் தைக்கவும் கை பழகிவிடுகிறது. வாங்கின துணி கிழிந்தால் தூக்கிப்போடுவதைத் தவிர வேறு தெரியாத தலைமுறைக்கு இது சின்ன விஷயமில்லை. இன்னொன்றும் உண்டு. கடையில் ஆண்கள் தைப்பார்கள், வீட்டில் பெண்கள் தைப்பார்கள் என்ற நம் ஏற்பாட்டில், கூலிக்காக இல்லாமல் தனக்காக ஊசி பிடிக்கும் இளைஞனை நான் பங்க் வட்டத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எழுத்து தாங்கிய பேட்ச் உடம்பில் உடுத்தும் துண்டறிக்கைதான். அந்த யோசனைக்கு ஹவுராவில் லண்டனைவிடப் பழைய சரித்திரம் இருக்கிறது. 1961இல் மலய் ராய்சவுத்ரியும் அண்ணன் சமீரும், சக்தி சட்டோபாத்யாய், தேபி ராய் ஆகியோருடன் சேர்ந்து ‘ஹங்ரி ஜெனரேஷன்’ என்ற கவிதை இயக்கத்தைத் தொடங்கினார்கள். தேபி ராயின் இயற்பெயர் ஹராதன் தாரா. ஹவுராவின் ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்த இளைஞர். இயக்கத்தின் துண்டறிக்கைகளில் அவருடைய ஹவுரா முகவரிதான் அச்சாகியிருந்தது. பத்திரிகை நடத்தக் காசில்லை. ஒற்றைத் தாளில் அச்சடித்துக் காபி ஹவுஸிலும் கல்லூரிகளிலும் இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கடைகளில் விற்கும் ராட்சசன், கோமாளி, மிருகக் காகித முகமூடிகளை வாங்கி, முகமூடியைக் கழற்றும்படி கேட்டுக்கொள்ளும் ஒரு வரியை அவற்றில் அச்சிட்டு, மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் தபாலில் அனுப்பினார்கள். 1964 செப்டம்பரில் கைதுகள் நடந்தன. தேபி ராயும் கைதானவர்களில் ஒருவர். மலய்யின் கவிதை ஒன்று ஆபாசமானது என்று வழக்கு நடந்து, 1965 டிசம்பரில் 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1967 ஜூலையில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

மலிவான பொருள், கூடவே ஒரு வரி, பெறுபவர் முகத்தில் சுரீரென்று உறைக்கிற கேலி. பங்க் பின்னாளில் செய்ததெல்லாம் இந்த முகமூடியில் இருக்கிறது. பங்க்கின் குறையும் இதிலேயே இருக்கிறது. மலய் யார், தேபி யார் என்று இலக்கிய வரலாறு சொல்லும். அந்த முகமூடிகளை அச்சில் வார்த்துச் சாயம் பூசி, கடைக்குக் கொண்டுவந்து போட்டவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. கலகம் தொடங்குவது மேலே அச்சிட்ட வரியில்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பங்க்கின் ‘நானே செய்தேன்’ கணக்கு போடுவது கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும். ஊக்கு குத்தியது, பேட்ச் தைத்தது, கழுத்துப் பட்டியை வெட்டியது என் கை. சரி. சட்டையைத் தைத்தது? காலர் திருப்பியது, காஜா எடுத்தது? அது ‘வெறும் சட்டை’யாகிவிடுகிறது, கலைஞன் வரைவதற்கு முன் இருக்கும் வெற்றுத்தாள்போல. அந்தத் தாள் ஹவுராவிலோ திருப்பூரிலோ டாக்காவிலோ ஒருவரின் முதுகு வலியில் உருவானது. ஹவுரா மாவட்டத்துப் பாஞ்ச்லா, சாங்க்ரைல், உலுபேரியா பக்கம் போனால் ஜரி வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து, ஆரி ஊசியால் ஜமிக்கியும் கம்பியும் கோத்துக்கொண்டிருப்பார்கள். நம்மூரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிந்த கழுத்து பழக்கமானதுதான். பங்க் ஜாக்கெட்டில் நூறு கூர்ஆணி அடித்தவனை அவன் நண்பர்கள் வட்டம் வியந்து பார்க்கும். அதே எண்ணிக்கையில் ஜமிக்கி தைத்த பெண்ணுக்கு டிசைன் தவறாமல் வந்ததா என்ற ஒரே கேள்விதான்.

கிழிசலும் அப்படித்தான். அதைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1977லேயே வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் கிழிசலும் ஊக்குமாக மேல்தட்டு உடைகளைக் கொண்டுவந்தார். 1994இல் வெர்சாச்சி நிறுவனத்தின் ஊக்கு கவுனை நடிகை எலிசபெத் ஹர்லி அணிந்தார். 2013இல் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்குக் கண்காட்சியே வைத்தது. மெக்லாரன்–வெஸ்ட்வுட் மகன் ஜோ கோரே 2016 நவம்பரில், ஐம்பது லட்சம் பவுண்டு பெறும் என்று தாமே சொன்ன பங்க் பொருள்களைத் தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார். எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை, இன்னொரு விளம்பரமாகத்தான் தெரிந்தது. இதையெல்லாம் துரோகம் என்று புலம்பும் பங்க் எழுத்துகள் ஏராளம். யாரும் அதிகம் எழுதாதது, கிழிப்பதும் பீஸ் ரேட் வேலையானது. கடையில் தொங்கும் கிழிந்த ஜீன்ஸ் தானாகக் கிழியவில்லை. காற்றடைத்த கால் பொம்மையில் பேன்ட்டை மாட்டி, தொடையிலும் முட்டியிலும் உப்புத்தாளால் ஒருவர் தேய்க்கிறார்; இன்னொருவர் சின்ன அரவை இயந்திரத்தால் ஓட்டை போடுகிறார். வெளுப்பதற்கு மணலைப் பீய்ச்சி அடித்த பட்டறைகளில் தொழிலாளர்களுக்கு நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் வந்தது; துருக்கி 2009இல் அந்த முறையைத் தடைசெய்தது. கலகத்தின் அடையாளம் என்று ஒருவன் போட்டுக்கொள்ளும் கிழிசல் இன்னொருவனின் மூச்சில் தூசாகச் சேர்ந்தது.

நம் மண்ணில் கிழிந்த துணிக்கு வேறு அர்த்தமும் உண்டு. தென்திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் காலணியுமாகப் பொதுவெளியில் நின்றார். அது அலங்கார ஆசையில்லை. பெரியார் இயக்கத்தின் கருஞ்சட்டைப் படையை 1948இல் மதராஸ் அரசு தடைசெய்தபோது அந்தச் சட்டையில் ஒரு கிழிசல்கூட இருக்கவில்லை. நிறம் மட்டுமே போதுமானதாக இருந்தது. நல்ல துணி மறுக்கப்பட்டவர்களுக்கு மடிப்புக் கலையாத சட்டைதான் எதிர்ப்பு. கிழித்துக்கொள்வது, கிழியாத சட்டை வீட்டில் இன்னும் நாலு இருப்பவருக்கே சுலபம். ஆரம்பகாலப் பங்க் பிள்ளைகள் சிலர் அதிர்ச்சிக்காக நாஜிச் சின்னத்தைக் குத்திக்கொண்டதும் இதே வசதியான அலட்சியத்தில் சேர்ந்தது. அந்தச் சின்னத்தால் யாருக்கு வலிக்கும் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

நம்மவர் ஒருவரின் உதாரணத்தையும் எடை போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ., பாடுவதற்கு முன்பே ஸ்டென்சிலும் ஸ்ப்ரே பெயின்ட்டுமாக ஈழப்போர்ப் படிமங்களை வரைந்தவர். பங்க் கையெழுத்து அவருடைய உடைகளிலும் ஆல்பம் அட்டைகளிலும் தெளிவாகத் தெரியும். 2013இல் வெர்சாச்சியின் வெர்ஸஸ் பிரிவுக்கு அவர் செய்த உடைகளுக்கு அடிப்படை, சந்தைக் கடைகளில் விற்கும் போலி வெர்சாச்சி. கம்பெனியைக் காப்பியடித்தவர்களைக் கம்பெனியே காப்பியடிக்கும்படி செய்தார். பங்க் உடை வரலாற்றில் இதைவிடக் குறும்பான காரியம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் போலிகளை முதலில் வரைந்து தைத்த முகம் தெரியாத கைகள் அந்தக் குறும்பிலும் கதைக்கு வெளியேதான் நின்றன. இவ்வளவு கூர்மையானவருக்கே எட்டாத இடம் என்றால், அது தனிமனிதக் குறையில்லை, முறையின் குறை.

பங்க்குக்குள்ளேயே இதற்கு மருந்து இருந்தது என்பதுதான் எனக்கு ஆதங்கம். ‘க்ராஸ்’ என்ற ஆங்கிலேய இசைக்குழு தன் இசைத்தட்டு உறைகளில், இதற்குமேல் விலை கொடுக்காதே என்று தொகையோடு அச்சிட்டது. பொருளின் மீதே அதன் பொருளாதாரத்தை எழுதிவிடும் துணிவு அது. வாங்குபவனை ஏமாறாமல் காக்க அதைச் செய்தார்கள், செய்பவனுக்காகவும் செய்திருக்கலாம். இன்று கொல்கத்தாவின் சின்ன இசைக்குழுக்கள் கறுப்பு டீ-சர்ட் வாங்கி ஸ்க்ரீன் அடித்துக் கச்சேரியில் விற்கின்றன. ஓவியம் வரைந்தவர், படம் எடுத்தவர், ஒலிப்பதிவு செய்தவர் எல்லோருக்கும் நன்றி அச்சாகிறது, தைத்தவருக்கு மட்டும் இல்லை. 2024 மார்ச் முதல் எஸ்ப்ளனேடில் மெட்ரோ ஏறினால் ஹூக்ளியின் அடியே புகுந்து ஹவுரா மைதானத்தில் இறங்கிவிடலாம். மங்களா ஹாட் அங்கிருந்து நடக்கும் தூரம். சட்டையைத் தைத்த கூடம் எது, ஒரு சட்டைக்குத் தையல் கூலி என்ன என்று உள்பட்டியில் இரண்டு வரி சேர்க்க ஒரு ஸ்டென்சில் போதும்.

ஓஸ்தாகர் சம்மதிப்பாரா என்றால், கூலியை எழுதச் சம்மதிக்கமாட்டார். ரேட் வெளியே தெரிந்தால் அடுத்த வியாபாரி அதிலிருந்து கீழே பேரம் பேசுவான், தைப்பவர் அதைக் காட்டி மேலே கேட்பார். இரண்டுமே அவருக்கு நஷ்டம். கூடத்தின் பெயரை எழுதுவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கக் காரணமில்லை, தன் பெயரையும் சேர்க்கச் சொல்வார். கூலியைப் பற்றிய வழக்கை அதற்குப் பிறகு தைப்பவரும் ஓஸ்தாகரும் இசைக்குழுவும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். சட்டையின் விலை அதனால் ஏறினால், ‘நானே செய்தேன்’ என்பவர்கள் அதைக் கொடுக்கத் தயாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.