அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்து

ஏரலில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சரித்திரத்தில்தான் போய் இறங்க வேண்டும். ஒரு பக்கம் கொற்கை, இன்னொரு பக்கம் சிவகளை. தாமிரபரணியை ஒட்டி மேற்கே போனால் ஆதிச்சநல்லூர். அதனால் இங்கே டீக்கடையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், ‘நம்ம எழுத்துக்கு மூவாயிரம் வருஷம் அண்ணாச்சி’ என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பி.காம். படித்தவன். வவுச்சர் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

2004-05ல் மத்தியத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரில் தோண்டியது. ஒரு முதுமக்கள் தாழியின் உட்புறம் எழுத்து இருப்பதாகவும், அது தமிழ் பிராமியின் ஆரம்ப வடிவம் என்றும் சொன்னார்கள். ஏழு எழுத்துகள் என்று தற்காலிகமாகப் படித்தார்கள். அதில் ஒன்று சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தது. ‘இது எங்கள் ஊகம்’ என்று படித்தவரே நேர்மையாக வைத்த குறி அது. செய்தி ஊருக்குள் வந்தபோது ‘தற்காலிகம்’ போச்சு, அடைப்புக்குறியும் போச்சு.

இந்தக் குறிகள் சும்மா அலங்காரம் இல்லை. கிரேக்க, லத்தீன் எழுத்துகளைப் படிக்கிறவர்கள் 1931ல் லெய்டன் நகரில் கூடிப் பேசி விதியே வகுத்தார்கள். உடைந்து போனதை நிரப்பினால் சதுர அடைப்புக்குறி. சந்தேகமான எழுத்துக்கு அடியில் புள்ளி.

ஏதென்ஸில் ஒரு பளிங்குக்கல். கி.மு. 454 முதல் நட்பு நாடுகள் கட்டிய கப்பத்தில், அறுபதில் ஒரு பங்கு அத்தீனா தேவிக்கு என்று எழுதிய கணக்கு. கிடைத்தது சுமார் 180 துண்டுகள். ஒட்டிப் படித்து, 1939 முதல் 1953 வரை நான்கு வால்யூம் போட்டார்கள். கல்லில் இருப்பது எது, தாங்கள் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டினார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் அவர்களையே மறுக்க முடிந்தது.

நம் பக்கம்? ஆதிச்சநல்லூர் அறிக்கை கையில் வர பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. அதற்கும் மதுரைக் கிளையில் வழக்கு நடக்க வேண்டியிருந்தது. மறுப்பவன் எதை வைத்து மறுப்பான்? நம்புகிறவன்தான் எதை வைத்து நம்புவான்?

இன்னொரு குழப்பமும் உண்டு. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. அருமையான செய்தி. ஆனால் அது நெல்லின் வயது. கொற்கையில் 1968-69ல் எடுத்த மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 785, கரியின் வயது. எழுத்துக்கும் அதே வயது என்றால், ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில், கலையாமல் கிடந்ததைக் காட்ட வேண்டும்.

இப்படிக் கேட்டால், ‘நீயெல்லாம் தமிழனா?’ என்று பாய்கிறார்கள். தமிழன்தான் ஐயா, அதனால்தான் கவலை. பேரேட்டில் ஒரு பதிவு பொய் என்று தெரிந்தால், ஆடிட்டர் மற்ற பக்கங்களையும் சந்தேகப்படுவார். தானாக நிற்கக்கூடிய சிவகளை நெல்லுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

எழுத்துள்ள ஒவ்வொரு ஓட்டுக்கும் போட்டோ, அளவு, எந்தக் குழி, எத்தனை ஆழம், எந்த எழுத்தில் சந்தேகம், எல்லாம் தமிழில், ஓட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஏரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, ‘இது அந்த எழுத்து மாதிரி தெரியலையே சார்’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு இடம் விட்டுத்தான் அடைப்புக்குறியே போடுகிறார்கள்.